எலுமிச்சை இலை மஞ்சளித்தால்

எங்கள் இலத்தூர்ப் பக்கம் எலுமிச்சை போட்டவர்களுக்குக் கார்த்திகையும் மார்கழியும் முக்கியமான மாதங்கள். அப்போது பூத்தால்தான் ஐந்தாறு மாதத்தில் காய் முற்றி, கோடை வெயிலில் புளியங்குடி சந்தையில் நல்ல விலைக்குப் போகும். மற்ற நாளில் பறிகூலிக்கே கட்டாமல் போவதும் உண்டு.

என் தங்கைக்கு 40 மரம். மாப்பிள்ளை காலமான பிறகு மகளின் காலேஜ் ஃபீஸ் அதிலிருந்துதான். போன கார்த்திகையில் போன் பண்ணினாள். "அண்ணே, மரம் பூராவும் பூ. ஆனா இலையெல்லாம் மஞ்சளாப் போகுது. யூரியா ஒரு மூட்டை வாங்கிட்டேன், போட்டிரட்டுமா?"

"நான் வார வரைக்கும் மூட்டையைப் பிரிக்காதே" என்றேன்.

மஞ்சள் எல்லாம் ஒரே மஞ்சள் இல்லை. எந்த இலை, எந்த இடத்தில் என்று பார்க்க வேண்டும். தழைச்சத்தும் மக்னீசியமும் செடிக்குள் நகரக் கூடியவை. பற்றாக்குறை வந்தால் மரம் பழைய இலையிலிருந்து எடுத்துத் துளிருக்குக் கொடுத்துவிடும், நம் வீட்டுப் பெண்கள் தாங்கள் உண்ணாமல் பிள்ளைக்கு வைப்பது போல. அதனால் அடியிலை முழுதும் வெளுத்தால் தழைச்சத்து. காம்புப் பக்கம் மட்டும் பச்சை ஆப்பு மாதிரி நின்றால் மக்னீசியம். துத்தநாகமும் இரும்பும் அப்படி நகராது. ஆகவே துளிரில் காட்டும். நரம்பு பச்சையாக, நடுவில் வெளுத்து, இலையும் சிறுத்திருந்தால் துத்தநாகம்.

தங்கை தோட்டத்தில் கண்டது வேறு. நடுநரம்பு மஞ்சள், இலையின் மற்ற பாகம் பச்சை. இது வேர் மூச்சு விட முடியாததன் அடையாளம். குனிந்து பார்த்தால் வட்டப்பாத்தியில் மழைத்தண்ணீர் நாலு நாளாக நிற்கிறது! காய்ச்சல்காரனுக்குப் பிரியாணி போடுவது போலத்தான், அந்த வேருக்கு யூரியா. பூக்கும் நேரத்தில் தழைச்சத்து மிஞ்சினால் துளிர் கிளம்பிப் பூவும் உதிரும்.

இரண்டு ஆட்களை வைத்து வரிசைக்கு நடுவே வாய்க்கால் வெட்டினோம். தூரைச் சுற்றி மண் அணைத்து, தண்ணீர் தண்டைத் தொடாமல் செய்தோம். ஓரத்து ஏழெட்டு மரங்களில் துத்தநாகக் குறையும் தெரிந்தது. துளிர் விரிந்ததும் லிட்டருக்கு 5 கிராம் ஜிங்க் சல்ஃபேட்டைக் கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிநீரோடு கலந்து தெளித்தோம். வேளாண் பல்கலைக்கழகம் மார்ச், ஜூலை, அக்டோபர் என்று வருஷத்துக்கு மூன்று தடவை தெளிக்கச் சொல்கிறது. நம் ஆட்கள் ஒரு தடவை செய்தாலே பெரிய விஷயம்.

பூ கொஞ்சம் கொட்டத்தான் செய்தது. மிச்சம் காய் பிடித்தது. யூரியா மூட்டையை மார்ச்சில்தான் பிரித்தோம், தொழுவுரத்தோடு சேர்த்து.