கரிசலில் சிக்கிய வீட்டு வண்டி

அன்னையாரின் கண் குணமானதற்கு நேர்த்திக்கடன் செலுத்த, ஆடி வெள்ளியன்று சிவகாசியிலிருந்து எங்கள் மோட்டார் வீட்டு வண்டியில் இருக்கன்குடிக்குப் புறப்பட்டோம். படுக்கை, தண்ணீர்த் தொட்டி, விளக்கு எல்லாம் உண்டு. அடுப்பு மட்டும் இல்லை. பட்டாசு மருந்து உலரும் சீமையில் நெருப்பைச் சுமந்து திரிய எங்களுக்குச் சம்மதமில்லை. கட்டுச்சாதமே போதும்.

சாத்தூர் தாண்டிக் குறுக்குப் பாதையில் இறங்கியதுதான் பிசகு. முதல் நாள் மழையில் கரிசல் மண் மெழுகாய்க் குழைந்திருந்தது. விசையை அழுத்த அழுத்தச் சக்கரம் அச்சுவரை புதைந்தது. பூஜை வேளையோ நெருங்கிற்று. அன்னையார் வாய் திறக்கவில்லை, அதுவே பெருந்தண்டனை.

ஆடு மேய்த்த பெரியவர் ஒருவர், "தம்பி, மண்ணோட மல்லுக்கட்டாதீக, காத்தைப் பாதி எறக்குங்க" என்றார். சக்கரத்தின் முன்னே வழித்துவிட்டுச் சோளத்தட்டைகளைப் பரப்பினார். வண்டி மெள்ள ஏறிற்று.

காற்றடிக்கும் பம்பு வீட்டிலேயே கிடந்தது! தளர்ந்த சக்கரங்களோடு ஊர்ந்து, அர்ச்சுனா நதி வைப்பாற்றோடு கூடும் துறையை அடைந்தபோது தீபாராதனை மணி கேட்டது.