பெயர் பொறித்த கல்

ஹைதராபாத்திலிருந்து பாதாமிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். ஆய்வு மாணவர்கள் நால்வர் வாடகைக் கார் ஒன்றில் வெள்ளிக்கிழமை விடியலுக்கு முன்பே புறப்பட்டனர். வண்டியை ஓட்டியவர் நிலவியல் படிக்கும் மலையாள நண்பர். வழி சொல்லும் பொறுப்பை ஏற்று அவரருகே அமர்ந்த தெலுங்குத் தோழி பத்து நிமிடத்தில் உறங்கிவிட்டார். பின்னிருக்கையின் ஒரு சன்னலோரம் காஞ்சிபுரத்துத் தோழி. பல்லவர் வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர். மறு சன்னலோரம் தார்வாட்டு நண்பர். அவர் துறை பழங்கன்னடம். இருவருக்கும் நடுவே பைகள் அடுக்கப்பட்டிருந்தன. ஓராண்டாக அவ்விருவரும் தேவைக்கு மேல் பேசிக்கொள்வதில்லை.

காரணம் ஒரு கட்டுரை. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் தூண் ஒன்றில் பழங்கன்னடக் கல்வெட்டு உள்ளது. பல்லவர் தலைநகரைக் கைப்பற்றிய சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், அக்கோயிலின் பெருஞ்செல்வத்தைக் கண்டும் கவராமல் இறைவனுக்கே திருப்பி அளித்ததை அது சொல்கிறது. அந்தக் கோயிலின் புல்வெளியில் விளையாடி வளர்ந்தவர் காஞ்சித் தோழி. ஆனால் அந்தத் தூணைப் படிக்க அவரால் இயலவில்லை. தார்வாட்டு நண்பர்தான் விடுதி உணவுக்கூடத்து மேசையில் பத்து இரவுகள் உடனிருந்து எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினார். கட்டுரை ஓர் ஆய்விதழில் வெளியாயிற்று. அதில் அவர் பெயர் எங்கும் இல்லை. அவர் கேட்கவில்லை, இவர் சொல்லவும் இல்லை. கேட்கப்படாத கேள்வி நாளாக ஆகக் கனம் கூடியது. முதல் வாரத்தில் ஒரு வரியில் முடிந்திருக்க வேண்டியது, ஓராண்டு கழிந்த பின் எங்கே தொடங்குவதென்று தெரியாததாகிவிட்டது.

ராய்ச்சூருக்கு முன் கிருஷ்ணை குறுக்கிட்டது. இல்கல் நகரைத் தாண்டியதும் கருநிறக் கரிசல் நிலம் மெல்லச் செம்மண்ணாக மாறத் தொடங்கியது. பிற்பகலில் பாதாமியின் செம்பாறைச் சுவர்கள் தெரிந்தன. நிலவியல் நண்பர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். இவை எரிமலைப் பாறைகள் அல்ல என்றும், விலங்கினங்கள் பல்கிப் பெருகுவதற்கு நெடுங்காலம் முன்னர் நீரோட்டங்கள் கொண்டுவந்து படியவைத்த மணல் இறுகிக் கல்லானது என்றும், அந்தச் சிவப்பு இரும்பின் துரு என்றும் அவர் விளக்கினார். படிவின் சாய்கோடுகள் இன்னமும் பாறையில் தெரிகின்றன. நீர் எந்தத் திசையில் ஓடியது என்பதை அவற்றைக்கொண்டு சொல்ல முடியும். "உங்கள் கல்வெட்டுகளுக்கு ஆயிரத்து ஐந்நூறு வயதுகூட ஆகவில்லை. கல்லே எழுதியதை முதலில் படியுங்கள்" என்று அவர் சிரித்தார். பின்னிருக்கையில் இருவரும் ஒரே நேரத்தில் சிரித்து, ஒரே நேரத்தில் நிறுத்தினர்.

குடைவரைகள் நான்கு. முதலாவது சிவனுக்கு, அடுத்த இரண்டும் திருமாலுக்கு, நான்காவது சமணருக்கு. முதற்குடைவரையின் வெளிச்சுவரில் பதினெட்டுக் கைகளோடு ஆடுகிறான் கூத்தன். சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த ஆட்டம் புதிது. ஒற்றைக் காலைத் தூக்கி நிற்கும் அமைதியன்று, கைகளெல்லாம் சுழலும் வேகம். குரங்குகளிடமிருந்து தின்பண்டப் பையைக் காத்தபடி தெலுங்குத் தோழி அதன் முன் நெடுநேரம் நின்றார்.

மூன்றாவது குடைவரைதான் மிகப் பெரியது; காலம் உறுதியாகத் தெரிந்ததும் அதுவே. சக ஆண்டு 500, அதாவது பொது ஆண்டு 578. அண்ணன் முதலாம் கீர்த்திவர்மன் ஆட்சியில் இருந்தபோது தம்பி மங்களேசன் இதைக் குடைவித்தான். கல்வெட்டில் அவன் செய்த ஒரு காரியத்தைத் தார்வாட்டு நண்பர் எடுத்துரைத்தார்: இந்த அறத்தின் பயன் அண்ணனையே சேரட்டும் என்று அவன் எழுதி வைத்தான். பணியைச் செய்தவன் ஒருவன். பலனை மற்றவன் பெயரில் எழுதினான்.

"எவ்வளவு பெருந்தன்மை!" என்றார் மலையாள நண்பர்.

"அவசரப்படாதே. அண்ணன் இறந்ததும் அரியணை ஏறியவன் இவன்தான். அண்ணன் மகன் வளர்ந்த பிறகும் நாட்டை அவனிடம் கொடுக்கவில்லை. தன் மகனுக்கே கொடுக்க முயன்றான். கடைசியில் அந்தப் பிள்ளை போரிட்டு இவனை வீழ்த்தி அரசனானான். அவன்தான் இரண்டாம் புலிகேசி." தார்வாட்டு நண்பர் இதைச் சொல்லும்போது யாரையும் பார்க்கவில்லை. குற்றம் சாட்டும் தொனியும் அதில் இல்லை. ஆயினும் காஞ்சித் தோழி அடுத்த தூணை நோக்கி நகர்ந்துவிட்டார்.

மாலையில் அகத்திய தீர்த்தம் என்னும் ஏரியின் கரையோரம் நடந்தனர். வாதாபி என்ற அசுரனை அகத்தியர் உண்டு செரித்த கதை இந்த ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்டது. வாதாபி கணபதியும் இங்கிருந்துதான் தமிழ்நாட்டுக்கு வந்தாரா என்று தெலுங்குத் தோழி கேட்டார். பல்லவர் படைத்தலைவர் பரஞ்சோதி, பின்னாளில் சிறுத்தொண்டர் ஆனவர், அத்திருமேனியைத் திருச்செங்காட்டங்குடிக்குக் கொண்டுவந்ததாக மரபு கூறுகிறது. அக்காலக் கல்வெட்டுச் சான்று அதற்கு இல்லை என்று காஞ்சித் தோழி சொன்னார்.

அவர் தேடி வந்தது வேறொன்று. 642இல் பல்லவன் நரசிம்மவர்மன் வாதாபியை வென்றான். அந்த வெற்றியைச் சொல்லும் அவனது கல்வெட்டு இங்கே பாறையில் இருக்கிறது. கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்துவிட்டு வாதாபி எரிந்த இரவில் உறங்காமல் கிடந்த பள்ளிச் சிறுமிகள் தமிழ்நாட்டில் பலர். அவரும் அவர்களில் ஒருவர். தார்வாட்டு நண்பர் இடத்தைக் காட்டினார். சிதைந்த வரிகள், உதிர்ந்த எழுத்துகள், மன்னனின் மாமல்லன் என்ற பட்டமும் ஊர்ப் பெயரும் எஞ்சிய துண்டுகள். மொழி தமிழன்று, வடமொழி. இருபது ஆண்டு மனத்தில் எரிந்த நெருப்புக்குச் சான்றாக எஞ்சியிருந்தது இவ்வளவே.

"எங்கள் பாடப்புத்தகத்தில் இது ஒரே வரி. அதையும் ஆசிரியர் வேகமாகக் கடந்துவிட்டார். நர்மதைக் கரையில் ஹர்ஷனைத் தடுத்த புலிகேசிக்குத்தான் முழுப் பக்கம்" என்றார் அவர்.

"எங்களுக்கு இது நான்கு பாகம்" என்றார் இவர்.

ஓராண்டில் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்ட முதல் வாக்கியங்கள் அவை. அன்றிரவு சோள ரொட்டியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் நிலக்கடலைச் சட்னிப்பொடியும் பரிமாறப்பட்டபோது உப்பை யார் யாரிடம் கேட்பது என்ற தயக்கம் சற்றுக் குறைந்திருந்தது.

மறுநாள் காலை பட்டடக்கல். மலப்பிரபை ஆறு வடக்கு நோக்கித் திரும்பும் இடத்தில், வடபாணிச் சிகரங்களும் தென்பாணி விமானங்களும் ஒரே வளாகத்தில் தோளுரசி நிற்கின்றன. 1987இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வழிபாடு நின்றுபோன கோயில்களுக்கு நடுவே விருபாட்சர் கோயிலில் மட்டும் விளக்கெரிகிறது. இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்றதன் நினைவாக, அவன் பட்டத்தரசி லோகமகாதேவி எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி எழுப்பியது அது; அன்று லோகேசுவரம் எனப் பெயர் பெற்றிருந்தது.

உள்ளே நுழைந்த காஞ்சித் தோழி நின்றுவிட்டார். விமானத்தின் அடுக்கு, மாடக்குழிகளின் வரிசை, சுற்றுமதில் எல்லாம் ஊரில் பார்த்தவை. நூல்களில் இந்த ஒப்புமையைப் பலமுறை படித்திருக்கிறார்; படித்தது வேறு, வீட்டிலிருந்து 700 கிலோமீட்டருக்கு அப்பால் தம் ஊர்க் கோயிலின் உறவினரைக் காண்பது வேறு. வென்றவர்கள் காஞ்சியின் பொன்னை விட்டுச் சென்றனர். அதன் வடிவத்தைக் கொண்டுசென்றனர்.

கீழை வாயிலில் பழங்கன்னடக் கல்வெட்டுகள் உள்ளன. தார்வாட்டு நண்பர் விரலைக் கல்லில் படாமல் நகர்த்திப் படித்தார். மூன்று முறை காஞ்சியை வென்றவனின் தேவிக்காக இக்கோயிலை எடுத்த சூத்திரதாரி குண்டன் அனிவாரிதாசாரி. அவருக்குத் திரிபுவனாசாரி என்ற பட்டம் வழங்கப்பட்டது. இன்னொரு கல்வெட்டு சர்வசித்தி ஆசாரி என்ற சிற்பியைப் புகழ்கிறது. தென்திசையின் சூத்திரதாரி என்று அவரைக் குறிக்கிறது. அவர் காஞ்சியிலிருந்தே வந்தவர் என்று கருதுவோர் உண்டு. தென்பாணியில் வல்லவர் என்பதே அதன் பொருள் என்போரும் உண்டு.

"அரசன் பெயர் இருக்கிறது, அரசி பெயர் இருக்கிறது. கட்டியவன் பெயரும் அதே வாயிலில் இருக்கிறது" என்று சொல்லி அவர் நிறுத்தினார். பாடம் நடத்துவது போல ஆகிவிட்டதோ என்ற கூச்சம் அவர் முகத்தில் தெரிந்தது. மற்ற இருவரும் நந்தி மண்டபத்தின் பக்கம் போயிருந்தனர்.

காஞ்சித் தோழி சொன்னார்: "அண்ணா, நன்றியுரை எழுதியிருந்தேன். சொல்வரம்பைத் தாண்டிவிட்டது, குறைத்து அனுப்புங்கள் என்றார்கள். முதலில் நான் எடுத்தது அந்தப் பத்தியைத்தான்."

"எத்தனை சொல் இருந்தது?"

"முப்பத்தொன்று."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கட்டுரை வந்த அன்றே பார்த்தேன். என் பெயரை இரண்டு முறை தேடினேன். கண்ணில் படாமல் போயிருக்கும் என்று மூன்றாவது முறையும் தேடினேன்."

"தவறு என்னுடையது. வரம்பு காரணமில்லை. வேறு முப்பத்தொரு சொற்கள் கிடைத்திருக்கும்."

"கிடைத்திருக்கும்" என்றார் அவர். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாததே அந்த உரையாடலை நேர்மையாக்கியது.

பின்னர் அவர் கூறியதுதான் எதிர்பாராதது. "இன்னொன்று இருக்கிறது. ஆறு மாதம் முன்பு வேறொரு கல்வெட்டைப் படிக்கும்போது தெரிந்தது. உன் கட்டுரையில் ஒரு சொல்லைத் தவறான இடத்தில் பிரித்திருக்கிறது. பிரித்தவன் நான். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் என் பெயரே இல்லாத கட்டுரையில் என் பிழையை நான் எப்படித் திருத்துவது?"

காஞ்சித் தோழிக்கு அந்த நொடியில்தான் முழுக் கணக்கும் விளங்கியது. ஓராண்டாக அவர் அதை நன்றிக்கடன் என்றே எண்ணி வருந்தியிருந்தார். அச்சில் ஒரு பிழை நின்றுகொண்டிருக்கிறது. அதை அறிந்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் வாய் திறக்க வழியில்லாமல் செய்தவர் தாம். பெயரைப் பொறிப்பது பாராட்டு மட்டுமன்று. இந்தச் சுவர் சரிந்தால் யாரைக் கேட்பது, இந்த வரி பிசகினால் யார் விடை சொல்வது என்பதும் அதில் அடக்கம். பெயரை நீக்கும்போது ஒருவரின் உழைப்போடு அவருடைய பொறுப்பையும் சேர்த்தே நாம் பறித்துக்கொள்கிறோம்; அந்தப் பொறுப்பைத் தாங்கும் அறிவு நம்மிடம் இல்லாதபோதும்.

ஆய்வுலகில் இது சிறிய நிகழ்ச்சி. மைப்படி எடுத்துத் தந்தவர், வழக்குச்சொல்லுக்குப் பொருள் சொன்ன முதியவர், கைப்பிரதியை வாசித்துக் காட்டிய இளையவர் என எத்தனையோ பேர் ஒவ்வொரு முடிவுரையின் பின்னாலும் நிற்கின்றனர். சொல்வரம்பு வரும்போது முதலில் வெட்டப்படுபவர்களும் அவர்களே. மொழி எல்லையைத் தாண்டிய உதவிக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். தெரியாத மொழியை நமக்காகப் படிப்பவர் பிழைபட்டால் அதைக் கண்டறியும் கண்ணும் அவரிடமே இருக்கிறது.

திரும்பும் வழியில் ஐஹோளே. மேகுட்டிக் குன்றின் மேல் முற்றுப்பெறாத சமணக் கோயிலின் சுவரில் 634-35ஆம் ஆண்டின் கல்வெட்டு. புலிகேசியின் வெற்றிகளைப் பாடிய இரவிகீர்த்தி, அதன் இறுதியில் தம்மைக் காளிதாசனோடும் பாரவியோடும் ஒப்பிட்டுக்கொள்கிறார். பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கவைத்ததாகவும் அதில் பெருமை பேசப்படுகிறது. அதற்குப் பின் பத்தாண்டு முடிவதற்குள் வாதாபியே பல்லவன் கையில் வீழ்ந்தது. "நன்றியுரையை மற்றவர்கள் கையில் விடாத ஒரே மனிதர்" என்றார் தார்வாட்டு நண்பர். இம்முறை நால்வரும் சிரித்தனர். யாரும் பாதியில் நிறுத்தவில்லை.

அமீன்கட்டில் கரதண்டு வாங்க வண்டி நின்றது. பின்னிருக்கையில் நடுவே இருந்த பைகள் வண்டியின் பின்பெட்டிக்குப் போயிருந்தன. காஞ்சித் தோழி கைப்பேசியில் ஆய்விதழுக்குத் திருத்தக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்: எந்தச் சொல், எங்கே பிரிக்க வேண்டும், அதனால் பொருள் எவ்வாறு மாறுகிறது, வாசிப்பும் திருத்தமும் யாருடையவை. கடிதத்தை அவரிடம் நீட்டினார். அவர் இரண்டு முறை படித்தார். பொருள் விளக்கத்தில் ஒரு தொடரை மாற்றினார். தம் பெயரின் எழுத்துக்கூட்டலில் விட்டுப்போயிருந்த ஓர் எழுத்தைச் சேர்த்தார்.

"இப்போது அனுப்பு" என்றார்.