வெயிலின் சதம்

ஏப்ரல் பிறந்துவிட்டால் நம் நாளிதழ்களில் ஒரு பட்டியல் இடம்பிடித்துவிடும். வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி, மதுரை விமான நிலையம் என்று ஊர்களை அடுக்கி, இங்கெல்லாம் வெயில் சதமடித்தது என்பார்கள். வானிலை ஆய்வு மையம் கொடுப்பது செல்சியஸ் கணக்கு. செய்தி மேசையில் யாரோ அதை ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, 32-ஐக் கூட்டி ஃபாரன்ஹீட் ஆக்கினால்தான் சதம் கிடைக்கும். 37.8 என்று போட்டால் அது தலைப்பாகுமா?

வீட்டிலும் இரண்டு அளவுகளும் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துகின்றன. ஏசி ரிமோட்டில் 24. காய்ச்சலுக்கு மட்டும் 101, 102. டொரண்டோவிலிருந்து அக்கா போன் செய்தபோதுதான் இரண்டும் முட்டிக்கொண்டன.

"பிள்ளைக்கு ராத்திரி முப்பத்தொன்பதும்மா."

"நூறையே தொடலையே, அதுக்கு ஏன்டி இப்படிப் பதறுற?"

மனக்கணக்குக்கு ஒரு குறுக்குவழி உண்டு. செல்சியஸை இரட்டிப்பாக்கி, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, 32-ஐக் கூட்ட வேண்டும். 39 இரட்டித்தால் 78, 7.8 போனால் 70.2, கூட்டினால் 102.2. சொன்னதுமே அம்மா பதறத் தொடங்கிவிட்டாள். பிள்ளையின் காய்ச்சல் என்னவோ அதேதான்.

காய்ச்சலில் நாம் வேதவாக்காக நம்பும் 98.6 கூட இந்தப் பெருக்கல் கூட்டலில் பிறந்ததுதான். வுண்டர்லிச் என்ற ஜெர்மன் மருத்துவர் ஏராளமான நோயாளிகளின் உடல் வெப்பத்தைப் பதிவுசெய்து, 1868-இல் வெளியிட்ட நூலில் சராசரி 37 டிகிரி செல்சியஸ் என்றார். ஆளுக்கு ஆள், காலைக்கும் மாலைக்கும் கூடிக்குறையும் ஒன்றுக்கு முழு எண்ணாக ஒரு சராசரி. அதை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றியதும் ஒரு தசமப் புள்ளி முளைத்தது; துல்லியமாக அளந்து கண்டதுபோன்ற மிடுக்கும் வந்துவிட்டது. காய்ச்சலின் எல்லையாக மருத்துவர்கள் சொல்லும் 100.4-ம் அப்படித்தான், அது 38-இன் மறுபெயர்.

அளவுகளை வகுத்தவர்களுக்கே இந்த எண்கள் கல்வெட்டு இல்லை. ஃபாரன்ஹீட் 1724-இல் தன் அளவை வெளியிட்டபோது உடல் வெப்பத்துக்கு வைத்த எண் 96. செல்சியஸ் 1742-இல் நீர் கொதிப்பதை 0 என்றும் உறைவதை 100 என்றும் வைத்தார். பின்னால் வந்தவர்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள்.

அப்படியானால் வெயிலின் சதமும் வெறும் எண் விளையாட்டுத்தானா? வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது அந்தப் பழக்கத்தில் ஒரு நன்மை தெரிகிறது. நாம் வெயிலையும் காய்ச்சலையும் ஒரே அளவில் சொல்கிறோம். அதனால் 100 என்றதும், வெளிக்காற்று நம் உடலைவிடச் சூடாகிவிட்டது என்று கணக்கில்லாமலே பிடிபட வேண்டும். அதற்குப் பிறகு காற்று நம் சூட்டை வாங்கிக்கொள்ளாது, அதன் சூட்டைத்தான் நமக்குக் கொடுக்கும். விசிறியின் காற்றும் சூடாகவே வரும். உடம்புக்கு மிஞ்சுவது வியர்வை ஆவியாகும் வழி ஒன்றுதான். ஈரம் மிகுந்த கடலோரத்தில் அதுவும் பாதி அடைபடும்.

சமவெளியில் வெப்ப அலை பற்றிய பேச்சு வானிலைத் துறைக்குத் தொடங்குவது 40 டிகிரி செல்சியஸில். மாற்றிப் பார்த்தால் சரியாக 104. பிள்ளைக்கு அந்த அளவு காய்ச்சல் என்றால் நடுராத்திரியிலும் ஆட்டோ பிடிக்கிறோம். அதே 104-இல், தார் கொதிக்கும் சாலையில் ஆட்களை நண்பகலில் வேலைக்கு நிறுத்துகிறோம். பட்டியலைப் படிக்கும்போது அடுத்த சதம் எந்த ஊர் என்று பார்ப்பதைவிட, அந்த எண்ணைக் காய்ச்சலாக எண்ணிப் பார்க்கலாம். மதிய வேலையை மாலைக்குத் தள்ள அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.