ரோத்தன்பர்க்கின் ரொட்டிக்காரர் கூண்டு

பயணத் தொடர் – 6

ஸ்டைனாக்கில் ரயில் மாறி ஜெர்மனியின் ரோத்தன்பர்க் வந்து சேர்ந்தபோது நல்ல பசி. மதிலுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்ட கடையில் 'ஷ்னேபால்' வாங்கினேன். மாவைப் பட்டையாக வெட்டி, உருட்டிப் பொரித்து, சர்க்கரைத் தூள் தூவிய உருண்டை. பலகையில் ஒரு விலை, கையில் வாங்கியது ஒரு விலை. கேட்டால், பலகையில் இருப்பது சின்ன உருண்டைக்காம்! தின்றால் வறவறவென்று தொண்டையை அடைத்தது. எரிச்சலோடு நடந்தேன்.

பர்க்காசெ தெருவில் இருக்கிறது இடைக்காலக் குற்றவியல் அருங்காட்சியகம். வெளியிலேயே ஒரு கூண்டு. எடை குறைத்து விற்ற ரொட்டிக்காரரை அதில் அடைத்துத் தண்ணீரில் முக்கி எடுப்பார்களாம். ஊர் கூடி வேடிக்கை பார்க்குமாம். கடைக்காரர் மேலிருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. ஒரு ரொட்டிக்காக மனிதனை இப்படியா மூச்சுத் திணற வைப்பது?

1395-இல் யோவான் சபையாருக்காகக் கட்டிய கட்டடம் இது. கீழே சித்திரவதைக் கருவிகள். மேலே சட்ட நூல்கள், முத்திரைகள், அவமான முகமூடிகள். வம்பு பேசியவருக்கு நீண்ட நாக்கு வைத்த முகமூடி. சண்டை போட்ட இரு பெண்களை முகத்துக்கு முகம் பூட்டி வைக்க ஒரு மரப்பூட்டு. பார்க்கவே உடம்பு கூசியது.

'இரும்புக் கன்னி' முன்னால் பேரனோடு நின்ற ஒரு மூதாட்டி, ஆங்கிலத்தில் எனக்கும் சேர்த்து விளக்கினார். அது கொலைக் கருவியே அல்லவாம். குற்றவாளியை நிறுத்தி வைத்து மானத்தை வாங்கும் மேலங்கி. உள்ளே இருக்கும் முட்கள் 19-ஆம் நூற்றாண்டில் பொருத்தியவை.

"இதைவிடப் பயங்கரம் அங்கே இருக்கிறது" என்று அவர் கூட்டிப்போய்க் காட்டியது 'கரோலினா'வைப் பற்றிய பகுதியை. ஐந்தாம் சார்லஸ் பேரரசரின் 1532-ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டம் அது. தண்டிக்க ஒப்புதல் வாக்குமூலம் வேண்டும், அல்லது நேரில் கண்ட இரண்டு சாட்சிகள் வேண்டும். அப்பாவியைக் காக்கவே வந்த விதி. ஆனால் சாட்சி கிடைக்காதபோது, சந்தேகம் வலுவாக இருந்தால், சித்திரவதை செய்து ஒப்புதல் வாங்கலாம். வலியில் சொன்னதைப் பிறகு மறுத்தால் மறுபடியும் சித்திரவதை!

"எல்லாம் சட்டப்படிதான் நடந்தது. இவன் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்" என்று பேரனின் தலையைத் தடவினார் அந்த அம்மா. இந்த ஊர் இருக்கும் பவேரியாவில் சித்திரவதையை ஒழித்தது 1806-இல்தான்.

துப்புரவு, ஒழுங்கு, விளக்கப் பலகைகள் எல்லாமே முதல் தரம். ஆனாலும் நான் இந்த இடத்தைச் சிபாரிசு செய்வது அந்த அம்மா சொன்ன காரணத்துக்காகத்தான். சட்டத்தில் இருக்கிறது என்பதாலேயே ஒன்று நியாயமாகிவிடாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர இதைவிட நல்ல இடத்தை இந்தப் பயணத்தில் நான் பார்க்கவில்லை.

மதில்மேல் நடை, மணிக்கூண்டு எல்லாம் படங்களில் பார்ப்பது போலவே இருக்கின்றன. அடுத்த வாரம் நூரம்பர்க்.

(தொடரும்)