'தானே' காட்டித் தந்த சின்ஸ்

கல்முனையில் ஆங்கிலம் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் பிகோஸ், சின்ஸ், அஸ், ஃபோர் நாலையும் கரும்பலகையில் ஒரே வரியில் எழுதி, பக்கத்தில் 'ஏனென்றால்' என்று போட்டுவிடுவேன். பிள்ளைகளும் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். பிறகு, "ஏன் நேற்று வரல்ல?" என்று ஆங்கிலத்தில் கேட்டால், "சின்ஸ் ஐ ஹேட் ஃபீவர்" என்று பதில் வரும். அது பிழை என்று காதுக்குத் தெரிந்தது. ஏன் பிழை என்று சொல்ல வாய்க்கு வரவில்லை.

விடை கடற்கரையில் கிடைத்தது. மாரிகாலக் காலை, மீன் வாங்கப் போயிருந்தேன். தோணிகள் எல்லாம் மணலில் கிடந்தன. மீன் இல்லையா என்று கேட்டேன். "கடல் கொந்தளிப்புத்தானே, போகல்ல" என்றார் ஒருவர். இன்னொருவரோ, "எஞ்சின் பழுதாப் போனதால போகல்ல" என்றார். கொந்தளிப்பு என் கண்முன்னே கிடந்தது. அதை அவர் எனக்கு அறிவிக்கவில்லை, நினைவூட்டினார். எஞ்சின் சங்கதி எனக்குப் புதுசு.

அந்தத் 'தானே'தான் சின்ஸ். கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த காரணத்துக்குச் சின்ஸும் அஸ்ஸும். காரணமே செய்தியாக இருந்தால் பிகோஸ். 'ஏன்' என்று கேட்பவருக்குக் காரணம் தெரியாது. அதனால் அந்தக் கேள்விக்குப் பிகோஸ் ஒன்றுதான் விடையாக நிற்கும். தெரிந்த காரணம் பெரும்பாலும் வாக்கியத்தின் முன்னால் வரும், புதுக் காரணம் பின்னால். ஃபவுலர் 1926இல் வெளியிட்ட தன் ஆங்கில வழக்கு அகராதியில், கேட்பவர் அறியாத காரணத்தை அஸ் போட்டு வாக்கியத்தின் கடைசியில் தொங்கவிடுவதைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். அதை வாசித்தபோது எனக்கு அந்த இரண்டு மீன்காரர்களும்தான் நினைவுக்கு வந்தார்கள்.

ஃபோர் வேறு சாதி. "மாமா வந்திருக்கார், வாசல்ல செருப்புக் கிடக்கே." செருப்பா மாமாவைக் கூட்டிவந்தது? அது காரணம் அல்ல, நாம் அறிந்துகொண்ட அடையாளம். ஃபோர் இந்த வேலையை அழகாகச் செய்யும். ஆனால் அது எழுத்து நடைக்குரிய சொல், வாக்கியத்தின் தலையில் நிற்காது. பேச்சில் போட்டால் பழைய புத்தகம் வாசிப்பதுபோல் இருக்கும்.

சின்ஸுக்குள் காலமும் இருக்கிறது. 'அதன் பிறகு' என்பதுதான் அதன் மூத்த பொருள். காரணப் பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வந்த ஒரு வருடம், தரம் பத்துப் பிள்ளை ஒருத்தி எழுதியிருந்தாள்: "சின்ஸ் த ஸீ கேம், மை மதர் டஸ் நொட் கோ டு த பீச்." சிவப்புப் பேனையை எடுத்தேன். காலத்தைச் சொல்கிறாள் என்றால் 'ஹேஸ் நொட் கோன்' என்று வர வேண்டும். அப்படித் திருத்தினால் உம்மா கரைக்குப் போகாத நாள்கணக்கு மட்டும்தான் மிஞ்சும், காரணம் கரைந்துவிடும். சின்ஸை வெட்டிப் பிகோஸ் போட்டால் அந்த நாள் போய்விடும்.

அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்: "மகள், கடல் வந்த நாளில இருந்தா, கடல் வந்ததாலயா?"

கொஞ்ச நேரம் கொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ரெண்டும்தான் சேர்."

பேனையை மூடி வைத்தேன்.