எதிர்க்காற்றில் 42 கிலோமீட்டர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. புவியியல்

பயணக் கட்டுரை எழுதுகிறவர் பயணம் செய்திருக்க வேண்டும் என்பது உலக வழக்கு. அவ்வழக்கை நான் மீறப் போகிறேன். அயர்லாந்தின் மேற்குக் கரையில், மேயோ என்னும் மாவட்டத்தில், வெஸ்ட்போர்ட் நகரிலிருந்து அக்கில் தீவின் வாயில் வரை 42 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு மிதிவண்டிப் பாதை செல்கிறது. அதில் ஓரடி கூட நான் மிதித்ததில்லை. மிதித்தவள் என் சித்தி மகள். அங்கே காஸில்பார் என்ற ஊரில் செவிலியராக இருக்கிறாள். நான் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, கையில் நிலப்படமும் கைப்பேசியுமாக அவளுக்குப் பின்னால் போனேன். கேரியரில் உட்கார்ந்து போனவனுக்கும் ஊர் சொல்ல உரிமை உண்டு என்று ஆசிரியர் குழுவினர் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்கள்.

இது தொடங்கியது நம் கல்லூரி வகுப்பறையில். முதலாண்டில் புவிப்புறவியல் வகுப்பில், பனியாறுகள் உண்டாக்கும் நிலத்தோற்றங்களைப் பற்றிப் பேராசிரியர் பாடம் நடத்தினார். கரும்பலகையில் கவிழ்த்து வைத்த அரை முட்டைகளைப் போல வரிசையாக வரைந்து, "இதற்கு டிரம்லின் என்று பெயர். அயர்லாந்து மொழியில் சிறு முதுகு என்று பொருள். பனியாறு தான் சுமந்து வந்த களிமண்ணையும் கல்லையும் தன் போக்கிலேயே பிசைந்து விட்டுப் போன குன்றுகள் இவை" என்றார். அன்று மாலையே அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன்: "உங்க ஊர்ல டிரம்லின் நிறைய இருக்காமே?" மறுநாள் பதில் வந்தது: "அது என்னடா, மாத்திரையா?"

மாத்திரை இல்லை என்று விளக்கியதன் பலனாகத்தான், ஆகஸ்ட் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அவள் வெஸ்ட்போர்ட்டில் ஒரு மிதிவண்டியை வாடகைக்கு எடுத்தாள். தடித்த டயரும் பல கியர்களும் கொண்ட மலைவண்டி. மிதிவண்டிக்கும் அயர்லாந்துக்கும் உறவு பழையது. காற்றடைத்த டயரை ஜான் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்து பார்த்தது 1888ஆம் ஆண்டில், பெல்ஃபாஸ்ட் நகரத்தில்தான். பஞ்சர் ஒட்டக் காசில்லாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்த நாள்களில், அவரை நான் வாழ்த்தியும் இருக்கிறேன், வைதும் இருக்கிறேன்.

அங்கே காலை 10 மணி. நமக்குப் பிற்பகல் 2.30. முதல் படம் வந்தது. பச்சைப் புடவையைக் காயப் போட்டது போல் மேடும் பள்ளமுமாக நிலம். அதன் நடுவே சமதளமாக ஒரு பாதை. மலைநாட்டில் பாதை மட்டும் எப்படி இவ்வளவு சமமாக இருக்கும்? அது இரயில் போன பாதை. இரயிலுக்குச் செங்குத்து ஆகாது. எனவே குன்றைச் சுற்றியும் குடைந்தும் பள்ளத்தை நிரவியும் போட்டிருக்கிறார்கள். நியூபோர்ட் என்ற சிற்றூரில் ஏழு கண் கொண்ட கல் பாலம் ஒன்று ஆற்றைத் தாண்டி நிற்கிறது. அன்று இரயில் போன அதன்மேல் இன்று மனிதர்கள் நடக்கிறார்கள்.

இரயில் நின்ற பிறகு அந்த நிலமெல்லாம் உழவர்களின் கைக்குப் போயிருந்தது. அவர்களிடம் வழி கேட்டு, அவர்கள் இசைவோடுதான் பாதையை அமைத்தார்கள். 2010இல் ஒரு பகுதியும் 2011இல் முழுப் பாதையும் திறக்கப்பட்டன. ஆட்டு மந்தை குறுக்கே வரும். கதவைத் திறந்து, கடந்து, மறுபடி சாத்திவிட்டுப் போக வேண்டும். ஒரு முழம் வரப்புக்கு மூன்று தலைமுறை வழக்கு நடத்தும் ஊரில் பிறந்த எனக்கு, இது அந்தப் பாலத்தை விடப் பெரிய கட்டுமானமாகத் தோன்றியது.

இடப்புறம் குளூ விரிகுடா. இங்கேதான் என் டிரம்லின்கள்! பனிக்காலம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது, குன்றுகளுக்கு இடையில் இருந்த தாழ்நிலம் மூழ்கி, முதுகுகள் மட்டும் தீவுகளாக மிஞ்சின. மேற்குப் பக்கத்தை அலை அறுத்துச் செங்குத்தாக்கி விட்டது. கிழக்குப் பக்கம் இன்னும் வழவழப்பாகச் சரிகிறது. நாளுக்கு ஒன்றாக 365 தீவுகள் என்பது அவ்வூர்ப் பேச்சு. எண்ணிப் பார்த்தால் அவ்வளவு வராது. விரிகுடாவின் எதிர்க்கரையில் குரோ பாட்ரிக் மலை, 764 மீட்டர், மேகத்தைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறது. ஆண்டுதோறும் ஜூலை கடைசி ஞாயிறன்று அடியார்கள், சிலர் வெறுங்காலோடு, அதில் ஏறுகிறார்கள். தேர்வுத் தாளில் டிரம்லினுக்கு நான் எழுதிய விடை இந்தப் படங்களைப் பார்த்து எழுதியதே.

நியூபோர்ட்டைத் தாண்டியதும் பாதையை விட்டுச் சற்று விலகினால் ராக்ஃப்ளீட் கோட்டை. நான்கு அடுக்குக் கல் கோபுரம், கடலின் விளிம்பில். கிரேஸ் ஓமாலி என்ற பெண் பதினாறாம் நூற்றாண்டில் இங்கிருந்து கப்பல்களை ஆண்டாள். ஆங்கிலேயர் அவளைக் கொள்ளைக்காரி என்றார்கள். அவள் மக்கள் தலைவி என்றார்கள். மகனைச் சிறைப்பிடித்தபோது 1593இல் இலண்டன் போய் எலிசபெத் அரசியை நேரில் கண்டு பேசினாள். அக்காவுக்கு இந்த இடம் மிகவும் பிடித்துப் போயிற்று. அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைக்காகப் படியேறிப் போய்ப் பேசிய தாய் என்பதாலா, கடல் கடந்து போன பெண் என்பதாலா என்று நான் கேட்கவில்லை.

மல்ரானிக்குப் போகும் போது காற்று பிடித்துக்கொண்டது. அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வரும் மேல்காற்று. விவரம் தெரிந்தவர்கள் வண்டியை வேனில் ஏற்றி அக்கிலுக்குப் போய், அங்கிருந்து காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்புவார்களாம். அக்கா மேற்கு நோக்கியே மிதித்தாள். "கியரைக் குறைச்சாலும் நகர மாட்டேங்குதுடா" என்று மூச்சிரைக்கச் சொன்னாள். மல்ரானியில் 1897இல் இரயில் நிறுவனம் கட்டிய பெரிய விடுதி இன்றும் விடுதியாகவே இருக்கிறது. அக்காலத்தில் இரயில் இருவகை மனிதரை ஏற்றியது. வருகிற வண்டியில் காற்று வாங்க வந்த செல்வந்தர். போகிற வண்டியில் கூலிக்குப் போன ஏழைகள்.

இனிச் சொல்ல வேண்டியதைத்தான் நான் இவ்வளவு தூரம் சுற்றிக்கொண்டு வருகிறேன்.

அக்கில் தீவில் நிலம் கல்லும் சதுப்பும். ஆண்டுதோறும் சிறுவரும் சிறுமியரும் பெரியோரும் கூட்டங்கூட்டமாக ஸ்காட்லாந்து போய், உருளைக்கிழங்கு தோண்டிக் கூலி கொண்டு வந்தால்தான் குடும்பத்தின் கடன் தீரும். 1894ஆம் ஆண்டு ஜூன் 14. நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒரே பாய்மரப் படகில் நெருக்கியடித்து வெஸ்ட்போர்ட் துறைக்கு வந்தார்கள். ஸ்காட்லாந்துக் கப்பல் அங்கே நின்றுகொண்டிருந்தது. அவர்களில் பலர் கப்பலையே கண்டதில்லை. பார்க்க எல்லோரும் ஒரு பக்கமாக எழுந்தார்கள். படகு கவிழ்ந்தது. 32 பேர் மாண்டனர். அப்போது அக்கிலுக்கு இரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள், இன்னும் திறக்கவில்லை. அந்தத் திறக்காத பாதையில் முதல் முதலாகப் போனது இந்தப் பிணங்களைச் சுமந்த வண்டி. உயிரோடு இருந்தவர்களுக்காகப் பாதை திறந்தது அடுத்த ஆண்டு, 1895இல்.

43 ஆண்டுகள் கழிந்தன. 1937 செப்டம்பர் 16 அதிகாலை, ஸ்காட்லாந்தின் கிர்கின்டில்லாக் என்ற ஊரில், கிழங்குத் தோட்டக் கூலிகள் தூங்கிய கொட்டகையில் தீப்பிடித்தது. அக்கிலைச் சேர்ந்த பத்துப் பேர் வெளியே வர வழியின்றி இறந்தார்கள். வயது 13 முதல் 23 வரை. அண்ணன் தம்பிகளும் அதில் இருந்தார்கள். பக்கத்து வீட்டில் தூங்கிய பெண்கள் பிழைத்தார்கள். அந்த உடல்களும் இதே இரயிலில்தான் ஊர் திரும்பின. அம்மாதக் கடைசியில் பாதையே மூடப்பட்டது. பிரையன் ருவா என்ற ஒருவர் இரயில் வருவதற்கு வெகு காலம் முன்னரே, இரும்புச் சக்கரம் பூண்ட வண்டி புகை விட்டுக்கொண்டு வரும், முதல் பயணத்திலும் கடைசிப் பயணத்திலும் பிணம் சுமக்கும் என்று குறி சொன்னதாக அங்கே ஒரு கதை உண்டு. அறிவியல் மாணவனாகிய நான் குறியை நம்புவதில்லை. கூலிக்குப் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டே இருக்கும் ஊரில், எந்த இரயிலைப் பற்றி அப்படிச் சொன்னாலும் ஒருநாள் பலித்துவிடும்.

அக்கா அக்கில் பாலத்தருகே பாதையை முடித்து, இன்னும் சில கிலோமீட்டர் தெற்கே, கடலோரம் இருக்கும் கில்டவுனட் இடுகாட்டுக்குப் போனாள். இரு நிகழ்ச்சிகளிலும் இறந்தவர்கள் அங்கேதான் கிடக்கிறார்கள். எங்களுக்கு இரவு எட்டு மணி. காணொளி அழைப்பில் கற்களையும் சிலுவைகளையும் காட்டினாள். பின்னால் கடல் இரைந்தது. அப்பாவும் அம்மாவும் சாப்பாட்டுத் தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். நான் கதையைச் சொன்னேன்.

அப்பா கேட்ட முதல் கேள்வி, "கரும்பா?"

"இல்லப்பா, உருளைக்கிழங்கு."

"அப்ப நாள் முழுக்கக் குனிஞ்சே கெடக்கணும்" என்றார். பிறகு, "மேஸ்திரி எங்க படுத்தாராம்?" என்றார்.

எங்கள் வீட்டைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். அப்பாவும் அம்மாவும் பருவந்தோறும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். சித்தியும் அதே கூட்டத்தில் வெட்டித்தான் அக்காவைச் செவிலியர் படிப்புக்கு அனுப்பினார். பிளஸ் டூ முடித்து ஓர் ஆண்டு நானும் வெட்டினேன். என் வகுப்பினரை விட நான் ஒரு வயது மூத்தவனாக இருப்பதன் காரணம் அதுவே. சோகைக் கொட்டகையில் படுப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். அடுப்பு ஒரு மூலையில், வாசல் ஒன்று. அந்த ஆகஸ்டில் மேஸ்திரி வந்து வரும் பருவத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மூன்று ஆள் கணக்கு. மூன்றாவது ஆள், பத்தாம் வகுப்பில் இருந்த என் தம்பி. அந்தப் பணத்திலிருந்துதான் என் கல்லூரிக் கட்டணமும் பேருந்துச் செலவும் போயின. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் டிரம்லின் படித்துக்கொண்டிருந்தேன்.

தம்பி அன்று என் தோளுக்குப் பின்னாலிருந்து கைப்பேசியை எட்டிப் பார்த்து, "பதிமூணு வயசா? என்னை விடச் சின்னவன்" என்றான். யாரும் ஒன்றும் பேசவில்லை. அன்றைய டேட்டாவும் அத்தோடு தீர்ந்து, அக்காவின் முகம் பாதியில் நின்றுவிட்டது.

கல்லறையைக் கண்டு அப்பாவின் மனம் மாறியது என்று எழுதினால் கட்டுரை அழகாக முடியும். உண்மையில் அவர் மறுநாள் காலை என்னை அழைத்து, "கணக்குல மூணு பேர் எழுதியாச்சு. மூணு பேர் வெட்டணும். உனக்கு லீவு எப்போ?" என்று கேட்டார். டிசம்பரில் செமஸ்டர் தேர்வு முடிந்த மறுநாள் நான் போனேன். விடுமுறை போதவில்லை, கல்லூரி திறந்து பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வந்தேன். மீதியை அம்மா மாலையில் கூடுதலாகக் கட்டுக் கட்டி ஈடு செய்தார். துறைத்தலைவர் அவர்கள் அந்தப் பன்னிரண்டு நாளுக்குக் காரணம் கேட்டபோது காய்ச்சல் என்று சொன்னேன். அது பொய் என்பதை இந்தப் பக்கத்தின் வாயிலாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

தம்பி இப்போது பதினோராம் வகுப்பு. அரசு கொடுத்த மிதிவண்டி வந்துவிட்டது. கியர் கிடையாது. காலையில் பேருந்து நிறுத்தம் வரை என்னைக் கேரியரில் ஏற்றிப் போகிறான். ஏரிக்கரையில் எதிர்க்காற்று அடிக்கும்போது, "அக்கா வண்டியில எத்தனை கியர்னு கேட்டியா?" என்கிறான். கேட்டிருக்கிறேன். வரும் கோடையில் அக்கிலிலிருந்து கிழக்கு நோக்கி ஓட்டிப் பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறாள். நியூபோர்ட்டுக்கு அருகே புரிஷூல் என்ற பழைய மடம் ஒன்று ஆற்று முகத்தில் இடிந்து நிற்கிறது. சென்ற முறை பார்க்க நேரமில்லாமல் போயிற்று. ஞாயிறன்று டேட்டாவை மிச்சம் வைத்திருக்கும்படி சொல்லியிருக்கிறாள்.