தொட்டுப் பார்க்காத காய்ச்சல்

கோத்தகிரிப் பக்கம் கூலிக்குத் தேயிலை பறிக்கிறவள் என் அம்மா. 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம். மூணு வாரமாக் காய்ச்சல். இறங்கும், திரும்ப ஏறும்.

"எந்த ஊரு, எந்த லைன் நீ?" மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்டார் டாக்டர். ஊரை விசாரித்தவர் உடம்பைத் தொடவில்லை. டைபாய்டு என்றார், அப்புறம் டி.பி.யா இருக்கும் என்றார். எம்.ஏ. படித்த நானும் பக்கத்தில் வாயடைத்து நின்றேன்.

வேறொரு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், "அக்கா, கையத் தூக்குங்க" என்று ரவிக்கையை விலக்கிப் பார்த்தாள். அக்குளில் பீடியால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு. வலியில்லை, அரிப்பில்லை. உண்ணிக் காய்ச்சல். புதரிலும் புல்லிலும் இருக்கும் நுண்ணிய பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. பொருக்கு எல்லோருக்கும் இருக்காது. இருந்தால் பெரும்பாலும் அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கடி என மறைவிடங்களில்தான். டாக்ஸிசைக்ளின் மாத்திரை, மலிவானது. ரெண்டே நாளில் காய்ச்சல் இறங்கியது.

இந்த மலைக்குக் காய்ச்சல் புதிதல்ல. 1897இல் சீகூர் மலைச்சரிவுக்கு வந்த ரொனால்ட் ராஸுக்கு மலேரியா கண்டது. அது வரலாற்றில் இருக்கிறது. தோட்டங்களில் காய்ச்சல் கண்டு செத்த கூலிகளுக்கு அதில் பேரில்லை.

"அந்தப் புள்ளதாண்டா கையை வச்சுப் பாத்துச்சு" என்கிறாள் அம்மா இன்றும்.

அந்த டாக்டர் சாதி பார்த்தாரா, சோம்பலா, எனக்குத் தெரியாது. தொடாத கைக்கு இந்த நோய் தெரியாது என்பது மட்டும் தெரியும். தோழர்களே, மருந்து மட்டும் கேட்டால் போதாது. தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.